ஏழைக்கு யார் பிணை?

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று நாம் மாணவருக்குக் கற்பிக்கின்றோம். அச்சமத்துவம் முதன்முதலாகச் சோதனைக்கு உள்ளாவது தீர்ப்பு நாளிலன்று. பிணை கேட்கும் நாளிலேயாம்.

குற்றஞ்சாட்டப்பட்டவன் விசாரணைக்குத் தவறாது வரவேண்டும் என்பதே பிணையின் தலையாய நோக்கம். பண்டைய இங்கிலாந்தில் உற்றாரும் அயலாரும் அவனுக்காகப் பொறுப்பேற்றனர். காலப்போக்கில் மனிதனைவிடப் பணமே பெரிதாயிற்று. அளவுமீறிய பிணை கேட்கலாகாது என்று 1689ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் விதிக்க நேர்ந்தது.

அந்த ஆங்கிலச் சட்டமரபு குடியேற்ற ஆட்சியுடன் இலங்கைக்கும் வந்தது. சுதந்திரத்தின் பின் இயற்றப்பட்ட 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்று பிரகடனம் செய்தது. வருவேன் என்ற வாக்குறுதியின் பேரிலேயே ஒருவனை விடுவிக்கவும் அது வழி செய்தது. ஆனால் பிணையாளிகளையும் ரொக்கத்தையும் கோரவும் அதே சட்டம் இடந்தருகின்றது. தொகை நியாயமானதாக இருக்க வேண்டுமாம். யாருடைய வருவாய்க்கு நியாயமானது?

புத்தளம் மாவட்டக் கரையோரத்து எத்தாளையில், பிறர் தோணியில் பங்குக்குத் தொழில் செய்யும் ஒரு மீனவனை எண்ணிப் பார்ப்போம். அவனை ஊரறியும், ஊரைவிட்டால் அவனுக்குப் போக்கிடமில்லை. ஆயினும் மன்று ரொக்கம் கேட்டால் அவனுக்கு இரண்டே வழிகள்: விளக்கமறியல், அல்லது சம்மாட்டியிடம் கடன். சிறையினின்று மீட்கும் அக்கடனே அவனைத் தோணியோடு கட்டிப்போடும். அதே குற்றச்சாட்டுக்கு ஆளான செல்வனோ அன்று மாலையே வீடு திரும்புவான்.

இந்தியாவிலும் இக்கொடுமை மன்றேறியது. 1978இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவரிடம் பத்தாயிரம் ரூபாய்ப் பிணை கேட்கப்பட்டது. அவருடைய சகோதரர் பிணை நிற்க முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதென்று மறுத்தனர். உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதனைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கான அவரது சொந்தப் பிணைமுறியிலேயே அவரை விடுவிக்கப் பணித்தார். மறு ஆண்டு பீகாரிலிருந்து வந்த வழக்கு, குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையையும் மிஞ்சிய காலம் விசாரணையின்றியே சிறையில் கிடந்தோரை உலகுக்குக் காட்டியது.

மாற்றுவழி கற்பனையன்று. 1961இல் நியூயோர்க் நகரில் தொடங்கிய பரிசோதனை, கைதியின் பணத்தைக் கேளாது அவனுடைய குடும்பம், தொழில், வாழிடம் ஆகியவற்றை விசாரித்தது. அவ்வாறு விடுவிக்கப்பட்டோருள் மன்றுக்கு வராதோர் மிகச் சிலரே. 1966இல் அமெரிக்கப் பிணைச் சீர்திருத்தச் சட்டம் பிறக்க அது தூண்டுகோலாயிற்று.

நாம் கேட்பது சலுகையன்று. வாக்குறுதியின் பேரில் விடுவிக்கும் வழி நம் சட்டத்திலேயே இருக்கின்றது. அதனை முதலில் கையாளுக. பணம் கேட்குமுன் அவனுடைய ஊரைக் கேளுங்கள். குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவன் வறுமைக்காகச் சிறையிருப்பானாயின், அங்கே தண்டிக்கப்படுவது குற்றமன்று, வறுமையே.