தூக்கி எறிந்து காப்பாற்றும் இருக்கை

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்துவிட்டது. பிரிட்டிஷ் விமானப்படையில் சாவு ஓயவில்லை. அதன் முதல் ஜெட் போர் விமானம் குளோஸ்டர் மீட்டியர். பணியில் இருந்த காலம் முழுவதிலும் சுமார் 890 மீட்டியர்கள் அழிந்தன. சுமார் 450 விமானிகள் மாண்டார்கள். ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு இன்னொன்றால் தரையிறங்கப் பழகியபோதே பலர் போனார்கள் என்பதைப் படிக்கையில் மனம் ஆறவில்லை.

பழைய விமானம் என்றால் மேல்மூடியைத் தள்ளிவிட்டு பாராசூட்டோடு குதிக்கலாம். ஜெட் வேகத்தில் எதிர்காற்று ஆளை எழவே விடாது. எழுந்து குதித்தாலும் விமானத்தின் வால் அடித்துவிடும். ஆகவே ஆளை இருக்கையோடு சேர்த்து மேலே வீசிவிட வேண்டும் என்ற யோசனை பிறந்தது. இதில் ஜெர்மானியர்கள் முந்திக்கொண்டார்கள். ஹெல்முட் ஷெங்க் என்ற விமானி 1942 ஜனவரியிலேயே, அழுத்தக் காற்றால் இயங்கிய இருக்கையில் உயிர் தப்பினார்.

பிரிட்டனில் இதைக் கையில் எடுத்தவர் ஜேம்ஸ் மார்ட்டின். அவருடைய நண்பரும் தொழில் கூட்டாளியுமான வாலன்டைன் பேக்கர், இருவரும் சேர்ந்து உருவாக்கிய விமானத்தைச் சோதித்தபோது 1942 செப்டம்பரில் இறந்திருந்தார். விமானியின் உயிரைக் காப்பதே அதன்பின் மார்ட்டினின் வாழ்நாள் வேலையாயிற்று.

சிக்கல் முழுவதும் முதுகெலும்பில் இருந்தது. இருக்கையை வீசும் வெடிமருந்து குறைந்தால் ஆள் வாலைத் தாண்டமாட்டார். கூடினால் எலும்பு முறியும். இருக்கையை மேலே வீசிப் பார்க்க, இங்கிலாந்தின் டென்ஹாமில் 16 அடிச் சோதனைக் கோபுரம் ஒன்றை நிறுத்தினார்கள். 1945 ஜனவரி 24 அன்று அதில் முதலில் உட்கார்ந்தவர் பட்டறை ஃபிட்டர் பெர்னார்டு லிஞ்ச். பிறகு உட்கார்ந்து பார்த்த ஒரு பத்திரிகையாளருக்கு முதுகெலும்பில் அடிபட்டது. அந்தக் காயம் ஓர் உண்மையைக் காட்டியது: விசை எவ்வளவு என்பதோடு, எவ்வளவு சட்டென்று ஏறுகிறது என்பதும் முக்கியம். எனவே ஒரு தோட்டாவுக்குப் பதில் இரண்டு வைத்தார் மார்ட்டின். முதலாவது இருக்கையைக் கிளப்பும். சற்று ஏறியதும் இரண்டாவது வெடித்து வீசும். வெடிக்க வைக்க, தலைக்கு மேலுள்ள திரையை இரு கைகளாலும் முகத்தின் மேல் இழுக்க வேண்டும். இழுக்கும்போதே முதுகு நிமிர்ந்துவிடும், முகமும் காற்றடியிலிருந்து தப்பும். இந்த இருக்கையில் என்னை மிகவும் வியக்க வைப்பது அந்தத் திரைதான்.

1946 ஜூலை 24 அன்று மணிக்கு 320 மைல் வேகத்தில் பறந்த மீட்டியரிலிருந்து லிஞ்ச் தானே வீசப்பட்டு, பத்திரமாகத் தரை சேர்ந்தார். 1949 மே 30 அன்று ஜோ லங்காஸ்டர் என்ற சோதனை விமானி, கட்டுப்பாடு இழந்த விமானத்திலிருந்து இதே இருக்கையால் பிழைத்தார். நூறு வயதுவரை வாழ்ந்தார்.

ஆனால் இருக்கை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இளைஞர்கள் பழகிய இரட்டை இருக்கை மீட்டியரில் அது இல்லவே இல்லை. வல்கன் குண்டுவீச்சு விமானத்தில் முன்னால் இருந்த இரு விமானிகளுக்கு மட்டும் தந்தார்கள். 1956 அக்டோபர் 1 அன்று லண்டன் ஹீத்ரோவில் ஒரு வல்கன் விழுந்தபோது அந்த இருவரும் தப்பினார்கள். மற்ற நால்வரும் இறந்தார்கள். அதற்குப் பிறகும், வல்கன் ஓய்வுபெற்ற 1984 வரை, பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு அந்த இருக்கை பொருத்தப்படவில்லை. இதற்கு எந்தச் சமாதானமும் போதாது.