புள்ளி இருந்த விசை

1990களின் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து தமிழ் இணையப் பக்கமொன்றைத் திறந்த பலர் முதலில் கண்டது தமிழை அல்ல. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் அவற்றின் பின்னால் ஓர் அரைப்புள்ளியையும் கண்டார்கள். பாமினி எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் 'தமிழ்' என்ற சொல் அப்படித்தான் தெரியும். ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது இகர விசிறி, ஓ என்பது ழ. அரைப்புள்ளி என்பது மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி. எழுத்துருவை இறக்கிக்கொள்ளாமலே இந்தக் கோலத்தை வாசிக்கப் பழகியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். மின்னஞ்சலின் தலைப்பைப் பார்த்தே யாருடைய மரண அறிவித்தல் என்று சொல்லிவிடுவார்கள்.

இன்று கண்ட்ரோலையும் டியையும் சேர்த்து அழுத்திப் புதிய தாவலைத் திறந்து, கண்ட்ரோலையும் எல்லையும் அழுத்தி முகவரிப் பட்டைக்குப் போய், சுட்டியைத் தொடாமலே இணையத்தில் உலாவுகிறோம். இந்தக் குறுக்குவிசைகளின் சரித்திரத்தில் தமிழுக்கென்று தனியாக ஒரு கிளை உண்டு. மற்றவர்கள் ஒரு காரியத்தை விரைவாகச் செய்யக் குறுக்குவிசையைத் தேடினார்கள். நாங்கள் முதலில் எழுத்து வருவதற்கே ஒன்றைத் தேடவேண்டியிருந்தது.

கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886 இல் பிறந்து, மலாயாவுக்குப் போய், சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சு இயந்திரம் ஒன்றை அமைத்தார். ஜெர்மனியின் சைடல் அண்ட் நோமன் நிறுவனம் அதைச் செய்து கொடுத்தது. 247 எழுத்துகளை ஒரு சிறிய பலகைக்குள் எப்படி அடக்குவது? அவர் கையாண்ட வழி நகரா விசை. புள்ளியை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே போய் விழும். அதாவது அந்த இயந்திரத்தில் புள்ளி முதலில் வரும், மெய் பிறகு வரும். கணினிக்கு வந்த பாமினி, தட்டச்சு விசைப்பலகையின் எழுத்து இடங்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. புள்ளியை மட்டும் எழுத்துக்குப் பின்னால் தள்ளியது. தட்டச்சுப் பழகிய விரல்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

ஆங்கில விசைப்பலகையில் அரைப்புள்ளி எல் எழுத்துக்கு வலப்பக்கத்தில், சுண்டுவிரல் இயல்பாகத் தங்கும் இடத்தில் இருக்கிறது. தமிழில் புள்ளி எவ்வளவு தரம் வருகிறது என்று யோசித்தால் அது சரியான இடம்தான். ஆனால் டென்மார்க்கில் விற்கும் விசைப்பலகையில் அந்த இடத்தில் ஏயும் ஈயும் ஒட்டிய டேனிய எழுத்து இருக்கிறது. அதற்கடுத்து கோடு கீறிய ஓ. மேல் வரிசையில், பி எழுத்துக்குப் பக்கத்தில், தலையில் வட்டம் வைத்த ஏ. (அந்த வட்டம் வைத்த ஏயை டேனியர்கள் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டதே 1948 ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில்தான்.) அரைப்புள்ளி வேண்டுமென்றால் ஷிப்டையும் காற்புள்ளியையும் சேர்த்து அழுத்தவேண்டும். பாமினியிலோ காற்புள்ளி என்பது இ. எனவே டேனிய அமைப்பை மாற்றாமல் பாமினியில் தட்டியவர் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் இரண்டு விரல் கொடுத்தார். ஷிப்டைச் சற்று முன்னதாக விட்டுவிட்டால் புள்ளிக்குப் பதில் இ வந்து நின்றது. விசையம் தெரிந்தவர்கள் விண்டோஸில் ஆங்கில அமைப்பையும் சேர்த்துவைத்து, இடப்பக்க ஆல்டையும் ஷிப்டையும் அழுத்தி அதற்கு மாறிக்கொண்டார்கள். டென்மார்க்கில் தமிழ் எழுத நம்மில் பலர் முதன்முதலாகப் பழகிய குறுக்குவிசை அதுவாகத்தான் இருக்கவேண்டும். மாறிய பிறகு, டேனிய எழுத்து அச்சிட்ட விசையே நமக்குப் புள்ளி.

டேனியர்களுக்கும் இதே அவதி இருந்தது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. ஏழு பிட் காலத்தில் அவர்களுடைய மூன்று விசேட எழுத்துகளுக்கும் தனி இடம் இருக்கவில்லை. அடைப்புக்குறிகளின் இடத்தைப் பிடுங்கித்தான் அவற்றைக் கொடுத்தார்கள். டேனிய முனையத்தில் சி மொழி நிரல் எழுதினால் நெளிவு அடைப்புக்குறி இருக்கவேண்டிய இடங்களில் டேனிய எழுத்துகள் தோன்றும். ஆர்ஹூஸில் பிறந்த பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப், தான் உருவாக்கிய சி++ மொழியின் வரலாற்றைச் சொல்லும் நூலில் இந்தச் சிக்கலுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். 1987 இல் ஐஎஸ்ஓ 8859-1 என்ற எட்டு பிட் தரம் வந்தபோது அவர்கள் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. அந்தத் தரத்தின் மேல்பாதியில்தான் மேற்கு ஐரோப்பா முழுவதும் குடியிருந்தது.

நாங்கள் அந்த மேல்பாதியில்தான் தமிழைக் குடியேற்றினோம். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே எழுத்துருவில் இடம் கொடுத்த டிஸ்கி போன்ற குறியேற்றங்கள் ஆங்கிலத்தைக் கீழே வைத்து, தமிழை மேலே வைத்தன. சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் அது போதும். இங்கே ஒரு பிள்ளைக்கு மூன்று மொழி. டேனிய எழுத்துகள் இருந்த இடங்களில் தமிழ் எழுத்துகள் இருந்தன. ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலரில் பிள்ளையின் கட்டுரையைத் தமிழிலும், அவன் படிக்கும் டேனியப் பாடசாலையின் பெயரை டேனிய எழுத்திலும் ஒரே வரியில் போட, எழுத்துருவை வரிக்கு வரி மாற்றவேண்டியிருந்தது. 'இருமொழி' என்ற சொல்லைப் பெருமையாகச் சொன்ன அந்தத் தொழில்நுட்பம் புலம்பெயர்ந்தவனை நினைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. அதை உருவாக்கியவர்களில் பலர் புலம்பெயர்ந்தவர்களே என்பது வேறு விசையம். பொங்கலன்று, 1998 இல், மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்தின் லோசானில் இருந்தவர். முரசு மென்பொருளை 1985 இலிருந்து வளர்த்த முத்து நெடுமாறன் மலேசியர்.

1999 பெப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக அதே ஆண்டு யூனில் தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். வல்லினத்தை இரண்டு தரம் தட்டினால் நடுவில் புள்ளி தானாக வரும். வணக்கம் என்று எழுத தமிழ்99 இல் ஆறு தட்டல் போதும், பாமினியில் ஏழு, ஆங்கில ஒலிப்படி எழுதும் அஞ்சல் முறையில் எட்டு, அதில் ஒன்றுக்கு ஷிப்ட் வேறு. கணக்குப் பார்த்தால் தமிழ்99 தான் வெல்லவேண்டும். புலம்பெயர் நாடுகளில் அது வெல்லவில்லை. ஆங்கிலம் வழியே தமிழ் எழுதும் சோம்பல் என்று சிலர் இதற்குக் காரணம் சொல்வார்கள். விசைப்பலகையைக் குனிந்து பார்த்தால் வேறொரு காரணமும் தெரியும்.

தமிழ்99 இல் ந அரைப்புள்ளியில் இருக்கிறது. ச சதுர அடைப்புக்குறியில், ஞ அதன் மூடும் குறியில், ழ சாய்கோட்டில். விசையின் இடத்தை வைத்து இயங்கும் மென்பொருளில் இதனால் குழப்பமில்லை; டேனிய எழுத்து அச்சிட்ட விசைகள் ந, ச என்று பேசும். ஆனால் விசை தரும் எழுத்தை வைத்து இயங்கும் கருவியில், உலாவிக்குள் ஓடும் பெரும்பாலான கருவிகள் அப்படித்தான், டேனிய அமைப்பில் ழ எழுத ஷிப்டும் 7 உம் வேண்டும். ச எழுத ஆல்ட்ஜிஆரும் 8 உம். ஞ எழுத ஆல்ட்ஜிஆரும் 9 உம். தமிழ் என்ற சொல்லை எழுதவே எண் வரிசைக்கு ஏறவேண்டும். அஞ்சல் முறையில் ழ இசட் விசையில் இருக்கிறது, ந டபிள்யூவில். ஏ முதல் இசட் வரையான விசைகளை மட்டும் தொட்டு எல்லாத் தமிழ் எழுத்தையும் எழுதிவிடலாம். டென்மார்க்கிலும் நோர்வேயிலும் ஸ்வீடனிலும் பலகையின் வலது ஓரத்தில் என்ன இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

ஒருங்குறியில் தமிழ் 1991 இலேயே இடம் பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. ஆனால் எழுதுவதற்கு அது தந்தது இன்ஸ்கிரிப்ட் அமைப்பு. நம்மவர் கையில் பழகாத ஒன்று. அந்த இடைவெளியைத் தன்னார்வலர்கள் நிரப்பினார்கள். லாவோ மொழிக்காக ஆஸ்திரேலியர் மார்க் டர்டின் தொடங்கிய கீமேன் என்ற மென்பொருளின் மேல், முகுந்தராஜும் தமிழா குழுவினரும் இ-கலப்பையைக் கட்டினார்கள். ஆல்டையும் ஓர் எண்ணையும் அழுத்தினால் தமிழ், இன்னொரு எண்ணை அழுத்தினால் ஆங்கிலம். பின்னர் சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் எழுதி இந்த முறையை விரித்தது: ஆல்ட்+1 தமிழ்99, ஆல்ட்+2 ஒலிப்பு முறை, ஆல்ட்+3 பழைய தட்டச்சு, ஆல்ட்+4 பாமினி, ஆல்ட்+0 மறுபடி ஆங்கிலம். யார் எந்தப் பள்ளியில் படித்து வந்தாலும் உட்கார ஒரு கதிரை இருந்தது. தமிழ்க் கணிமையில் நடந்த எத்தனையோ சண்டைகளுக்கு இவ்வளவு நாகரிகமான தீர்ப்பு வேறு கிடைக்கவில்லை என்பேன்.

ஆனால் ஆல்ட் விசை வெற்றிடமல்ல. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். லினக்ஸில் பயர்பாக்ஸுக்கு ஆல்ட்+1 என்றால் முதலாவது தாவல். 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4, இணையப் பக்கம் எழுதுபவரே அணுகு விசைகளை வைக்க வழி கொடுத்தது. பக்கத்தின் விசையும் உலாவிப் பட்டியலின் விசையும் ஒன்றோடொன்று மோதியதால், 2006 இல் வந்த பயர்பாக்ஸ் 2 பக்கத்தின் விசைகளை ஆல்ட்+ஷிப்டுக்கு நகர்த்தியது. ஆல்ட்+ஷிப்ட் என்றால் விண்டோஸில் மொழி மாற்றம் என்பதைப் பன்மொழிக்காரர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் தேடல் பெட்டிக்குப் போக ஆல்ட்+ஷிப்ட்+எஃப் அழுத்தப் போய், மூன்றாவது விரல் தயங்கி எல்லாவற்றையும் விட்டுவிட்டால், தேடல் பெட்டி வராது; டேனிஷ் போய் வேறு மொழி வந்து நிற்கும். விண்டோஸ் 8 இலிருந்து விண்டோஸ் விசையும் இடைவெளிப் பட்டையும் இதே வேலையைச் செய்கின்றன. பழைய இணையை அணைத்துவிட்டு இதைப் பழகுவதே புத்தி.

விக்கிப்பீடியாவைத் தனியாகச் சொல்லவேண்டும். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியது. அதன் ஆரம்பகாலச் சுமையைப் பெருமளவு தூக்கியவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். நிறுவும் உரிமை இல்லாத கணினிகளில், பொது நூலகத்திலோ வேலையிடத்திலோ இருந்து, அங்கே எழுத முடிந்ததற்குக் காரணம் பக்கத்துக்குள்ளேயே இருந்த தட்டச்சுக் கருவி. கண்ட்ரோல்+எம் அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் பழைய மொழி. (பயர்பாக்ஸில் அதே இணை தாவலின் ஒலியை அடைப்பது என்று பின்னர் வந்தது.) இங்கே ஹ்விடோவ்ரேயில் எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வேறு எந்தக் குறுக்குவிசையும் அறியாதவர். இந்த ஒன்றை மட்டும் விரலில் வைத்திருக்கிறார். கடிதம் எழுதவேண்டுமென்றாலும் விக்கிப்பீடியாவின் மணல்தொட்டியில் எழுதி, வெட்டி எடுத்துப்போய் மின்னஞ்சலில் ஒட்டுவார்.

தமிழ் அமைப்பில் இருக்கும்போது கண்ட்ரோல் சேர்ந்த விசைகள் விண்டோஸில் அநேகமாக வேலை செய்யும். தனி எழுத்துக் குறுக்குவிசைகள் செய்யாது. ஜிமெயிலில் ஜே அடுத்த மடலுக்கும் கே முந்திய மடலுக்கும் போகும். இந்த வழக்கம் 1976 இல் பில் ஜாய் எழுதிய விஐ என்ற தொகுப்பியிலிருந்து வருகிறது. அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளிலேயே அச்சிடப்பட்டிருந்தன. தமிழ்99 இயங்கும்போது ஜேயை அழுத்தினால் உலாவிக்குக் கேட்பது ப. அது ஒன்றும் புரியாமல் நிற்கும். சுட்டியில்லாமல் உலாவ உதவும் விமியம் நீட்சியில், விசைப்பலகை அமைப்பைப் பொருட்படுத்தாதே என்றொரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் தமிழில் இருந்தபடியே பக்கத்தில் ஏறி இறங்கலாம். பாமினிக்காரருக்கு இதில் ஒரு சின்னச் சந்தோசம் உண்டு: ஜேயும் கேயும் தமிழ் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்து.

இவற்றில் இன்று எனக்கு முக்கியமாகப் படுவது கண்ட்ரோல்+எஃப். 1987 இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவை நிறுத்திவைத்ததும், அதை ஆராய்ந்த ஏறக்குறைய 6000 பக்க அறிக்கையால் 1993 சனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசு பதவி விலகியதும் டேனியச் சரித்திரத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் குடும்பத்தைப் பிரிந்து இங்கே காத்திருந்தவர்கள் பிற்பாடு என்ன எழுதினார்கள்? சங்கங்களின் செய்திமடல்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள். கணினியில் தட்டியவற்றில் பெரும்பகுதி பாமினியில் கிடக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து கண்ட்ரோல்+எஃப் அழுத்தி 'அகதி' என்று ஒருங்குறியில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கோப்புக்குள் அந்தச் சொல் இல்லை. ஆங்கில எழுத்துகளின் ஒரு குவியல்தான் இருக்கிறது. தேடுபொறிக்கும் அதே கதிதான்.

சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. பாமினியை ஒட்டினால் ஒருங்குறி வரும். ஆனால் மூன்று மொழி கலந்த கோப்பை அப்படியே ஒட்டினால், மாற்றி எல்லா ஆங்கில எழுத்தையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். டேனிய எழுத்தில் இருந்த ஹ்விடோவ்ரே 'ர்எனைழஎசந' என்று மாறி வரும். மூலக்கோப்பு வேர்டில் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். வெற்று எழுத்தாக நகலெடுக்காமல், வேர்டின் மேம்பட்ட தேடலில் எழுத்துருவின் பெயராகப் பாமினியைக் கொடுங்கள். பாமினியில் உள்ள பகுதிகள் மட்டும் தெரிவாகும். அவற்றை மாத்திரம் மாற்றிவிட்டு, டேனியப் பெயர்களையும் முகவரிகளையும் இருந்தபடியே விடலாம். எழுத்துரு விவரம் போய் வெறும் எழுத்து மாத்திரம் எஞ்சிய கோப்புகளுக்கு இந்த வழி இல்லை. அவற்றை இரண்டு மொழியும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரி வரியாகப் பார்க்கத்தான் வேண்டும்.