மதீனத்து ஸாஉம் நம் வீட்டுப் படியும்

இஸ்லாமியச் சட்டக் கலையின் வரலாற்றில், சமையற்கட்டுப் பாத்திரம் ஒன்று பேரறிஞர் ஒருவரின் தீர்ப்பை மாற்றிய செய்தி உண்டு. ஃபிக்ஹுப் பாடம் நடத்துகையில் அளவைக் கணக்கோடு கணக்காக அதனை விரைந்து கடந்துவிடுவது நம் போன்ற ஆசிரியர்களின் வழக்கம். பெருநாளையும் குடும்பத்தையும் பரக்கத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும்போது அச்செய்தி வேறொரு பொருள் தருகின்றது. ஆதலின் ஈண்டுச் சற்று விரித்துரைப்போம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் தலைமாணாக்கர் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள். கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாக வீற்றிருந்து, ஹிஜ்ரி 182-ல் (கி.பி. 798) மறைந்தவர்கள். ஹஜ்ஜுப் பயணத்தை ஒட்டி அவர்கள் மதீனா சென்றிருந்தபோது ‘ஸாஉ’ என்னும் முகத்தலளவை எவ்வளவு கொள்ளும் என்ற வினா எழுந்தது. நோன்புப் பெருநாளில் வீட்டிலுள்ள ஒவ்வொரு தலைக்கும் ஒரு ஸாஉ வீதம் பித்ரா கொடுக்க வேண்டுமன்றோ? ஆகவே வினா சிறிதன்று. கூஃபா நகரத்தார் ஒரு ஸாஉக்கு எட்டு ராத்தல் என்றனர். மதீனத்தாரோ ஐந்து ராத்தலும் மூன்றிலொரு பங்கும் என்றனர். (நம் பாட்டன்மார் கடைவீதியில் வழங்கிய ‘ராத்தல்’ என்ற சொல் அரபியின் ‘ரத்ல்’ என்பதன் தமிழ் வடிவமே. எனினும் வெள்ளையர் காலத்து ராத்தலும் பழைய ஈராக்கின் ரத்லும் ஒரே நிறையுடையன அல்ல.)

சான்று என்ன என்று அபூயூஸுஃப் வினவினார்கள். நாளைக் காலை கொணர்கிறோம் என்றனர் மதீனத்தார். மறுநாள் முஹாஜிர்கள், அன்ஸாரிகள் ஆகியோரின் வழித்தோன்றல்களான முதியவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர் வந்தனர். எவர் கையிலும் ஏடில்லை. ஒவ்வொருவரும் தம் மேலாடையின் கீழ் ஒரு ஸாஉப் பாத்திரத்தை மறைத்துக் கொண்டு வந்திருந்தனர். இது என் தந்தையிடமிருந்து வந்தது, இது எங்கள் வீட்டாரிடமிருந்து வந்தது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஸாஉ இதுவே என்று ஒவ்வொருவரும் உரைத்தனர். அளந்து பார்த்தபோது எல்லாம் ஒத்திருந்தன. ஐம்பது அடுப்பங்கரைகள் ஒரே சாட்சி கூறின! தம் ஆசானின் கருத்தை அந்த ஒரு விஷயத்தில் விட்டு, மதீனத்தாரின் அளவை இமாம் அபூயூஸுஃப் ஏற்றுக்கொண்டார்கள். ஹனஃபி மத்ஹபின் ஏனையோர் எட்டு ராத்தலிலேயே நின்றனர் என்பதும் சொல்லப்பட வேண்டியதே. அவர்கட்கும் அவர்கட்குரிய ஆதாரங்கள் உண்டு.

இதை ஒத்த மற்றொரு செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் சபையைப் பற்றியது. இதே வினா அங்கு எழுந்தபோது அவர்கள் தம் முன் அமர்ந்திருந்தோரைப் பார்த்து, உம் பாட்டனாரின் ஸாஉவைக் கொண்டு வாரும், உம் சிறிய தந்தையின் ஸாஉவைக் கொண்டு வாரும், உம் பாட்டியாரின் ஸாஉவைக் கொண்டு வாரும் என்று ஏவினார்களாம். வந்தவர்களில் ஒருவர் தம் தந்தை வழியாகத் தந்தையைப் பெற்ற தாயாரின் சொல்லை எடுத்துரைத்தார்: அந்தப் பெண்மணி அண்ணலாரின் திருச்சமூகத்தில் பித்ராவைச் செலுத்தியது இப்பாத்திரத்தால்தான் என்பது அச்சொல்.

வாசகர்கள் இங்குச் சிறிது நிற்க வேண்டுகிறோம். ஹதீஸ் கலையில் ‘ஸனது’ என்றால் அறிவிப்பாளர் தொடர். பேரறிஞர்கள் நாடு நாடாக நடந்து அத்தொடர்களைத் திரட்டினர். ஒரு பாட்டியார் பெருநாளுக்கு முதல் நாள் கோதுமையோ பேரீச்சம்பழமோ அளந்த கைப்பழக்கமும் அத்தகைய தொடரில் ஒரு கண்ணியாயிற்று. அப்பெண்மணியின் பெயரைக்கூட அச்செய்தி நமக்குத் தரவில்லை.

அந்த ஸாஉ பெருநாளைக்கென்று பேழையில் பூட்டி வைக்கப்பட்ட பொருளா? இல்லை. அன்னை அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களின் அறிவிப்பு இதனை விளக்குகின்றது. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், வீட்டார் அன்றாட உணவுக்கு எந்த ‘முத்’தால் அல்லது ஸாஉவால் அளந்தார்களோ அதனாலேயே பித்ராவையும் அளந்தார்கள், மதீனத்தார் அனைவரின் வழக்கமும் அதுவே என்பது அதன் கருத்து. (நான்கு முத் கொண்டது ஒரு ஸாஉ.) முந்நூற்றைம்பது நாள் தன் பிள்ளைகளுக்கு அளந்த அதே பாத்திரம், பெருநாளன்று ஏழையின் பிள்ளைகளுக்கும் அளந்தது. தனக்கொரு படி, பிறர்க்கொரு படி என்ற பேதம் அங்கில்லை. ஹிஜ்ரி 2-ல் (கி.பி. 624) ரமலான் நோன்பு கடமையாக்கப்பட்டது, பித்ராவும் அவ்வாண்டிலேயே விதியாயிற்று. பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் அது கொடுக்கப்பட வேண்டும் என்ற ஒழுங்கில் ஒரு நுட்பம் உளது. எந்த அடுப்பும் அணைந்திருக்கையில் ஊரார் தக்பீர் முழங்கித் திடலில் கூடலாகாது.

மதீனாவின் ஸாஉவிலும் முத்திலும் பரக்கத் செய்யுமாறு அண்ணலார் இறைவனிடம் இறைஞ்சினார்கள் என்று ஆதாரபூர்வமான ஹதீஸ் கூறுகின்றது. செல்வத்தில் பரக்கத் வேண்டுவதை நாம் அறிவோம். பாத்திரத்தில் பரக்கத் வேண்டுவானேன்? ‘பரக்கத்’ என்னும் சொல்லின் வேரை நோக்கினால் விடை கிட்டும். ஒட்டகம் மடிந்து ஓரிடத்தில் அமர்வதை அரபியர் ‘பரக்க’ என்பர். நீர் தங்கி நிற்கும் குளத்தை ‘பிர்க்கா’ என்பர். தங்குதல், நிலைத்தல், அதிலிருந்து பெருகுதல் என்று பொருள் விரிகின்றது. வந்த பொருள் வந்த வழியே ஓடாமல் வீட்டில் தங்கிப் பயன் தருவதே பரக்கத். அது தங்குவதற்கு அன்றாடம் புழங்கும் படியைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறு யாது?

அளப்பதைப் பற்றி இருவேறு ஹதீஸ்கள் உள்ளன. உங்கள் உணவை அளந்து கொள்ளுங்கள், அதில் பரக்கத் உண்டாகும் என்ற கருத்தில் ஒன்று. மற்றொன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுவது. நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது வீட்டுப் பரணில் சிறிது வாற்கோதுமை மட்டுமே இருந்தது. அதனை நெடுநாள் உண்டு வந்தார்கள்; ஒருநாள் அளந்து பார்த்தார்கள்; அதன்பின் அது தீர்ந்து போயிற்று. இவ்விரண்டும் முரண்படுகின்றனவே என்று மாணாக்கர் கேட்பதுண்டு. வாங்கும்போதும் கொடுக்கும்போதும் அளத்தல் நேர்மை. எஞ்சியது எவ்வளவு என்று ஐயத்தோடு அளத்தல் வேறு என்று விரிவுரையாளர்கள் இணக்கம் காட்டியுள்ளனர். நம் வீட்டுப் பெண்மக்கள் இவ்விளக்கத்தை எந்தக் கிதாபிலும் ஓதியவர்கள் அல்லர். எனினும் உலைக்கு அரிசி அளக்கையில் பிஸ்மில்லாஹ் சொல்வதும், பானையின் அடியைச் சுரண்டிப் பார்க்காதே என்று பிள்ளைகளை அதட்டுவதும், அரிசி இல்லை என்னாமல் ‘நிறைந்திருக்கிறது’ என்று கூறும் தமிழ் மரபைக் கைக்கொண்டதும் எங்ஙனம் என்று வியக்கிறோம்.

பெருநாளில் பழைய நினைவுகளுக்கும் இடமுண்டு என்பதை அதே அன்னையின் இல்லத்தில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சி காட்டுகின்றது. ஒரு பெருநாளன்று அன்ஸாரிச் சிறுமியர் இருவர் அங்கு அமர்ந்து புஆஸ் போரைப் பற்றிய பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தனர். புஆஸ் என்பது ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு குலத்தாரும் ஒருவரையொருவர் வெட்டி மாய்த்த களம். உள்ளே வந்த அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ, ஒவ்வொரு சமூகத்தார்க்கும் பெருநாள் உண்டு, இது நம் பெருநாள், விட்டுவிடுங்கள் என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள். தந்தையரும் சிறிய தந்தையரும் பகைத்து மடிந்த கதை, பகை தீர்ந்த ஊரில், பெருநாள் காலையில், சிறுமியர் வாயில் பாட்டாக நின்றது. மறந்துவிடுங்கள் என்று எவரும் அவர்கட்குச் சொல்லவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழகத்தில் மத்ஹபு இரண்டாயினும் அடுப்பு ஒன்றுதான். கடற்கரைப் பட்டினங்களான காயல், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலியவற்றில் ஷாஃபி மத்ஹபினர் மிகுதி. உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் ஹனஃபிகள் மிகுதி. ஒரு ஸாஉ எத்தனை படி என்பது இரு சாரார்க்கும் ஆண்டுதோறும் எழும் வினா. எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று வாய்ப்பாடு ஒன்றாயினும் படியின் பருமன் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆகவே ஆலிம்கள் அவ்வவ்வூர்ப் படிக் கணக்கில் பித்ராவை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. பிறை கண்ட இரவில் கூடத்தில் பாய் விரித்து, அரிசியைக் குவித்து, குழந்தைகளைச் சுற்றி அமர்த்தி, இது வாப்பாவுக்கு, இது உம்மாவுக்கு, இது தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கு என்று தலை எண்ணி அளந்த காட்சியை நம் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கொழும்பிலும் வணிகத்தின் பொருட்டு இருந்த ஆடவரின் பெயர்களும் அக்குவியலின் முன் சொல்லப்பட்டன. பல ஆண்டுகள் முகம் காணாத வாப்பாவைப் பிள்ளைகள் அங்கே ஒரு பங்கு அரிசியாகக் கண்டனர்.

அதே படிக்குப் பெருநாள் அல்லாத நாள்களிலும் அறப்பணி இருந்தது. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவர். அதுவே பிடியரிசி. சேர்ந்ததும் மத்ரஸாவுக்கோ பள்ளிவாசலுக்கோ போகும். அப்படிச் சேர்ந்த சோற்றைத் தின்று ஓதியவர்கள் நாம். அரபி இலக்கணத்தின் முதல் ஏட்டை நமக்கு ஊட்டியது பெயர் தெரியாத எத்தனையோ தாய்மாரின் பிடிதான்.

நோன்புக் கஞ்சியைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டுவதில்லை. பச்சரிசியும் சிறுபருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் இஞ்சி பூண்டும் கூடிய அதன் மணம் அஸருக்குப் பின் ஊரையே அழைக்கும். தூக்கு ஏந்தி வரும் பிள்ளைகளில் பிற சமயத்துப் பிள்ளைகளும் இருப்பர். சஹனைப் பற்றியோ கூற வேண்டியது உண்டு. கடற்கரைப் பட்டினங்களில் விருந்தின்போது பலர் ஒரு தாலத்தைச் சுற்றி அமர்ந்து உண்ணும் முறை அது. ‘ஸஹ்ன்’ என்ற அரபிச் சொல்லுக்கு உண்கலம் என்றும் பள்ளிவாசலின் திறந்த முற்றம் என்றும் இரு பொருளுண்டு. தொழுகையில் தோளோடு தோள் நின்றவர் உணவில் முழங்காலோடு முழங்கால் அமர்கின்றனர். உண்டும் வயிறு நிறையவில்லை என்று முறையிட்ட தோழர்களிடம், தனித்தனியே உண்கிறீர்கள் போலும், சேர்ந்து உண்ணுங்கள், பரக்கத் உண்டாகும் என நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்த ஹதீஸே அதன் வேர்.

இன்று இவற்றுள் எவை எஞ்சியுள்ளன? 1956-ல் புதிய அளவைச் சட்டம் வந்தது. அறுபதுகளில் கிலோவும் லிட்டரும் கடைவீதியை ஆண்டன. பித்தளைப் படி மெல்லப் பரணேறி, பின்னர்ப் பழைய பாத்திரக் கடைக்குப் போயிற்று. இதில் குறை கூற ஏதுமில்லை. நாடெங்கும் ஒரே அளவை வேண்டும் என்பது நீதிக்கு உகந்ததே. பித்ராவையும் இன்று பலர் பணமாக ஜமாஅத்தில் ஒப்படைத்து விடுகின்றனர். கிரயமாகக் கொடுக்க ஹனஃபி மத்ஹபில் இடமுண்டு. ஷாஃபிகளுக்குத் தானியமே விதி. கடமை நிறைவேறிவிடுகிறது. ஆயினும் தலை எண்ணி அளந்த அந்த இரவை நம் பேரப்பிள்ளைகள் அறியார். தங்களுக்காக ஒருவர் கொடுத்தார் என்ற செய்தியே அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை.

பழையன யாவும் போற்றத்தக்கன என்று நாம் வாதிட வரவில்லை. தலைப் பெருநாளுக்கு மருமகனுக்குச் சீர் செய்தே ஆக வேண்டுமென்று பெண்ணைப் பெற்றோர் கடன்படுவதும் ‘குடும்ப வழக்கம்’ என்ற பெயரிலேயே நடக்கிறது. அதற்கு ஸனதும் இல்லை, பரக்கத்தும் இல்லை. வழக்கத்தை உரைத்துப் பார்க்கும் கல் நம் கையிலேயே உள்ளது: அதனால் எவர் வீட்டு அடுப்பு எரிந்தது, எவர் வீட்டு அடுப்பு அணைந்தது என்று கேட்டால் போதும். மார்க்கமும் இக்கேள்வியை மதித்தது. ஓர் ஆண்டு பஞ்சத்தால் நாட்டுப்புற ஏழைகள் மதீனாவுக்குள் வந்தபோது, குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் எவரும் வைத்திருக்கலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்நிலை நீங்கியதும் உண்ணுங்கள், கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என இசைந்தார்கள்.

2020-ல் கொரோனா நோயின் பொருட்டுப் பள்ளிவாசல்கள் அடைக்கப்பட்டு, நோன்புப் பெருநாள் தொழுகையை வீட்டுக் கூடத்திலேயே நிறைவேற்றினோம். கஞ்சிக் கிடாரம் ஏறவில்லை, சஹன் விரிக்கவில்லை. அந்நாளில் பல வீடுகளில் பழைய கதைகள் புறப்பட்டன. வெளியே செல்ல வழியற்ற இளைஞர்கள், வேறு பொழுதுபோக்கின்றியாயினும், உம்மும்மாவின் அருகில் அமர்ந்தனர்.

அதனை ஒட்டி, நம்மிடம் ஓதும் பிள்ளைகளிடம் பின்னொரு ரமலானில் வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தோம். உங்கள் வீட்டில் பித்ரா எந்தப் பாத்திரத்தால் அளக்கப்பட்டது, அது இப்போது எங்கே என்று மூத்தவர்களிடம் கேட்டு வாருங்கள் என்றோம். பெரும்பாலோர் தெரியவில்லை என்ற விடையோடு வந்தனர். ஒரு சிறுமி, படி தன் பெரிய வாப்பாவோடு கொழும்புக்குப் போய்விட்டதாகக் கூறினாள். ஒரு பையன் மட்டும் துணியில் சுற்றிய பித்தளைப் படியைக் கையோடு கொண்டு வந்துவிட்டான். அதன் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. காரணம் கேட்டோம். உம்மும்மாவின் உம்மா இடக்கைப் பழக்கமுள்ளவராம். அரிசியை அந்தப் பக்கமாகத்தான் வழிப்பாராம். வகுப்பிலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அந்தத் தேய்ந்த விளிம்பில் விரல் வைத்துப் பார்த்தனர்.