டேப் பாலம் (என்.எஸ்.-3)

டேப் பாலம் என்பது என்.எஸ்.-3 என்னும் வலையமைப்பு ஒப்புருவாக்கியில் இயங்கும் கற்பனை வலையமைப்பை, லினக்ஸ் நிறுவப்பட்ட மெய்யான கணினியுடன் இணைக்கும் மென்பொருட்கூறு ஆகும். அக்கணினியின் உலாவி போன்ற நிரல்கள், எவ்வித மாற்றமுமின்றி ஒப்புருவாக்கக் கணுக்களோடு பொதிகளைப் பரிமாறிக்கொள்ள இது வழிசெய்கிறது.

பின்னணி

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், என்.எஸ். கொண்டு நெரிசல் கட்டுப்பாட்டு முறைகளை ஆராய்வது கணினிப் பொறியியல் மாணவர்களின் வலையமைப்பு ஆய்வகப் பயிற்சிகளுள் ஒன்று. இத்தகைய பயிற்சிகளில் பொதிகள் நிரலின் நினைவகத்தை விட்டு வெளியேறுவதில்லை. டேப் பாலம் இவ்வெல்லையைக் கடக்கிறது.

என்.எஸ்.-3 சி++ மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். இதன் உருவாக்கம் 2006 இல் தொடங்கியது. முதற்பதிப்பு 2008 இல் வெளியானது. என்.எஸ்.-2 இற்கு எழுதப்பட்ட நிரல்கள் இதில் இயங்கா.

செயற்படும் விதம்

டேப் என்பது லினக்ஸ் கருனி வழங்கும் மெய்நிகர் ஈதர்நெட் இடைமுகம். இதன் மறுமுனையில் கம்பிக்குப் பதிலாக ஒரு நிரல் இருக்கும். கருனி அனுப்பும் ஈதர்நெட் சட்டகங்களை அந்நிரல் படிக்கும். நிரல் எழுதும் சட்டகங்களைக் கருனி வெளியிலிருந்து வந்தவையாக ஏற்கும். டேப் பாலம் இவற்றை ஒப்புருவாக்கத்தின் ஒரு கணுவிலுள்ள வலையமைப்புச் சாதனத்திடம் ஒப்படைக்கிறது.

இணைப்பு முறைகள்

* உள்ளமைவு முறை: டேப் இடைமுகத்தை என்.எஸ்.-3 தானே உருவாக்கி முகவரி இடும். ஒப்புருவாக்கம் முடிந்ததும் இடைமுகம் மறையும்.
* உள்ளகப் பயன்பாட்டு முறை: பயனர் முன்னரே உருவாக்கிய டேப் பயன்படும். லினக்ஸ் பக்கத்தில் ஒரே வன்பொருள் முகவரி மட்டும் இருக்கலாம்.
* பாலப் பயன்பாட்டு முறை: டேப் இடைமுகம் லினக்ஸ் பாலமொன்றில் சேர்க்கப்படும். மெய்நிகர் பொறிகளை இணைக்க ஏற்றது.

கவனிக்க வேண்டியவை

டேப் இடைமுகத்தை உருவாக்க மேலாளர் உரிமை தேவை. ஒப்புருவாக்கத்தினுள் அடுத்தடுத்த உள்வலையமைப்புகள் இருப்பின், அவற்றுக்கான வழிகளை லினக்ஸிலும், திரும்பும் வழிகளைக் கணுக்களிலும் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, டேப் இடைமுகத்தின் முகவரி 10.1.1.1 எனின், 10.1.3.0 வலையமைப்புக்கான வழி தனியே தரப்பட வேண்டும். சரிபார்ப்புத்தொகைக் கணிப்பு என்.எஸ்.-3 இல் இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கும். அதை இயக்காவிடில் மெய்யான கருனி பொதிகளைப் பிழையுடையவை எனக் கைவிடும்.

நேரமே முதன்மையான சிக்கல். வழக்கமான ஒப்புருவாக்கத்தில் ஒரு நொடியின் நிகழ்வுகளைக் கணிக்க ஒரு மணிநேரம் ஆயினும் முடிவு மாறாது. மெய்யான கணினியின் கடிகாரமோ காத்திராது. எனவே நிகழ்நேர முறையில் இயக்க வேண்டும். இயல்பிருப்பில், பின்தங்கிய ஒப்புருவாக்கம் நிற்காமல் தொடரும். அப்போது அளவிடப்படும் தாமதத்தில் கணினியின் திணறலும் கலந்துவிடும். கடின வரம்பைத் தேர்ந்தெடுத்தால், குறித்த அளவுக்கு மேல் (இயல்பாக 0.1 நொடி) பின்தங்கியதும் ஒப்புருவாக்கம் நிறுத்தப்படும். அளவீட்டு ஆய்வுகளுக்கு இதுவே தக்கது.