தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவாமல் தடுத்தல்

எச்.ஐ.வி. கிருமி தாயிடமிருந்து குழந்தைக்குக் கருவிலோ, பிரசவ வேளையிலோ, தாய்ப்பால் வழியாகவோ பரவுகிறது. மருந்து ஏதும் கொடுக்காவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்றுக்கு ஆளாகலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. தாயும் சேயும் முறையாக மருந்து பெற்றால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆயினும், "இந்த நோய் உள்ளவளுக்குப் பிள்ளை எதற்கு?" என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இம்முயற்சியின் தொடக்கம் 1994. அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வில், சிடோவுடின் என்ற மருந்து தொற்றை 25.5 விழுக்காட்டிலிருந்து 8.3 விழுக்காடாகக் குறைத்தது. ஆனால் தாய் கர்ப்ப காலத்தில் நாள்தோறும் ஐந்து வேளை மாத்திரை எடுக்கவேண்டும். பிரசவத்தின்போது நரம்பு வழியாக மருந்து ஏற்றவேண்டும். குழந்தைக்கும் ஆறு வாரம் மருந்து தரவேண்டும். வலி எடுத்தபின் மாட்டுவண்டியில் வந்து சேரும் பெண்ணுக்கு இது எட்டாக்கனி.

1999இல் உகாண்டாவின் கம்பாலா நகரிலுள்ள முலாகோ மருத்துவமனையிலிருந்து வேறொரு செய்தி வந்தது. வலி தொடங்கும்போது தாய்க்கு நெவிரபின் மாத்திரை ஒன்று, பிறந்த மூன்று நாள்களுக்குள் குழந்தைக்கு அதே மருந்து ஒரு வேளை. இவ்வளவுதான். குறுகிய கால சிடோவுடின் பெற்றவர்களின் குழந்தைகளில் 25 விழுக்காட்டினருக்குத் தொற்று இருக்க, இம்முறையில் அது 13 ஆக இருந்தது. பேறுகாலச் செவிலியர் ஒருவரே செய்துவிடக்கூடிய பணி இது. இந்தியாவும் 2002இல் தொடங்கிய தன் திட்டத்தில் இதையே பயன்படுத்தியது.

எனினும் ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே வேளை மருந்தால் தாயின் உடலிலுள்ள கிருமி அம்மருந்தை எதிர்க்கப் பழகிவிட, பிற்பாடு அவருக்கே சிகிச்சை தேவைப்பட்டபோது மருந்து சரிவரப் பலன் தரவில்லை. சேயைக் காக்கும் அவசரத்தில் தாயை மறந்தோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதற்கு விடை 2011இல் ஆப்பிரிக்காவின் ஏழை நாடான மலாவியிலிருந்து கிடைத்தது. யாருக்குச் சிகிச்சை தொடங்கலாம் என்று முடிவுசெய்ய, இரத்தத்தில் எதிர்ப்பு அணுக்களை எண்ணும் கருவி தேவைப்பட்டது. கிராமப்புற மருத்துவ நிலையங்களில் அது இல்லை. எனவே, தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் எண்ணிக்கை பாராமல் வாழ்நாள் முழுவதும் கூட்டு மருந்து என்று அந்நாடு முடிவெடுத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2013இல் இதைப் பரிந்துரைத்தது. இந்தியா 2014இல் ஏற்றது. இம்முறை கடைக்கோடி மருத்துவ நிலையத்தின் இல்லாமையே உலகுக்கு வழிகாட்டியது.

தாய்ப்பால் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்து 1999இல் வெளியான ஆய்வின் முடிவு பலருக்கும் வியப்பளித்தது: தாய்ப்பாலோடு தண்ணீரோ பிற பாலோ சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைவிட, தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்குத் தொற்று குறைவு. பிற உணவுகள் குடலின் மென்மையான உட்பகுதியைப் பாதிப்பதே காரணம் என்று கருதப்படுகிறது. நம் வீடுகளில் பாட்டிமார் ஆசையோடு சேனை தொட்டு வைப்பதை எண்ணிப்பாருங்கள். மருந்தோடு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதை அப்பாட்டிக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது, அதுவும் காரணத்தை வெளியிடாமல்!

தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்பவர்கள் நம்பிக்கை மைய ஆற்றுப்படுத்துநர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும். நம் அருள்சகோதரிகளின் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். ஒருவரின் தொற்று நிலையை அவரது இசைவின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது. படுக்கையின் தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதிவைப்பதும், வரிசையில் நிற்கும்போது உரக்கக் கேட்பதும் தவறு. அவ்வாறு ஒருமுறை அவமானப்பட்ட பெண் மீண்டும் வரமாட்டார். அவர் வந்தாகவேண்டும், குழந்தைக்குக் குறைந்தது ஆறு வாரம் மருந்து உண்டு, ஆறாவது வாரத்தில் முதல் இரத்தப் பரிசோதனை உண்டு. தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் இரத்தத்தில் 18 மாதங்கள் வரை தங்கக்கூடும் என்பதால், இறுதி முடிவு அதன்பிறகே தெரியும்.