ஐம்பத்தேழு நாள் நோற்ற உடல்

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியின் சமணர் மலையை அறியாத இலக்கிய அன்பர் அரியர். அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும். தென்மேற்குச் சரிவில் செட்டிப்புடவு. அக்குகையின் வாயிலருகே பேருருவாய் அமர்ந்திருக்கிறார் தீர்த்தங்கரர். மேலே, சுனையை ஒட்டிய பேச்சிப்பள்ளத்துப் பாறையில் ஒரே வரிசையில் எட்டுத் திருமேனிகள். அவற்றின் அடியிலுள்ள வட்டெழுத்துக்கள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்த ஆசிரியர், அவர்தம் மாணாக்கர், யார் செய்வித்த திருமேனி என்ற செய்திகளை அவை சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகின்றன.

இவ்வுருவங்களைக் காணுந்தோறும் நமக்கு எழும் வியப்பு ஒன்றுண்டு. உண்ணாநோன்பை வாழ்வின் உச்சமாகக் கொண்டவர்கள் செதுக்குவித்த உடல்கள் இவை. ஆயினும் ஒரு விலா எலும்பேனும் வெளித்தெரியவில்லை. தோள் திரண்டிருக்கிறது, மார்பு நிறைந்திருக்கிறது. லாகூர் அருங்காட்சியகத்துக் காந்தாரப் புத்தரோ நரம்பும் எலும்புமாக ஒட்டி உலர்ந்திருக்கிறார். காந்தாரத்துச் சிற்பி காட்ட விரும்பிய பட்டினியைப் பாண்டிய நாட்டுச் சிற்பி காட்ட விரும்பவில்லை. அது சமய மரபு. ஆனால் உண்மையில் நோற்ற உடல் என்னவாயிற்று என்ற வினா அதனால் தீர்வதில்லை.

அதற்கு விடை தேட நாம் வடக்கே செஞ்சிக்கருகிலுள்ள திருநாதர்குன்றுக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள கி.பி. 5-6ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் என்னும் சமண முனிவர் 57 நாள் அனசனம் நோற்று உயிர் நீத்தார் என்கிறது. அவ்விடத்தை அவருடைய நிசீதிகை என்று குறிக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் 'ஐ' என்னும் எழுத்து முதன்முதலாகக் காணப்படுவது இங்கேதான் என்பர். எழுத்தியல் அறிஞர்கள் அதனாலேயே இதைப் போற்றுகின்றனர். நம்முடைய கவனம் அந்த எண்ணின் மீது. ஐம்பத்தேழு நாள் ஒருவர் உணவின்றி இருத்தல் கூடுமா, அன்றிப் பக்தியின் மிகையா?

மிகை என்று சொல்பவர் நம்மிடையே உண்டு. புறநானூற்றுக் கோப்பெருஞ்சோழனின் வடக்கிருத்தலையும், கோவலன் கொலையுண்டது கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சிலப்பதிகாரக் கவுந்தியடிகளையும் கவிமரபு என்று ஒதுக்கிவிடுவதைப் போலவே இதையும் ஒதுக்குகிறார்கள். நம் கருத்து வேறு. அந்த எண் உடலியலுக்குப் பொருந்துகிறது. பொருந்துவதற்கான காரணங்களுள் முக்கியமான ஒன்று கழுத்தின் முன்புறத்திலுள்ள ஒரு சிறு சுரப்பி.

தைராய்டுச் சுரப்பிக்கும் உடல் எரிக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை 1895இல் பெர்லினில் மாக்னஸ்-லெவி என்பவர் உயிர்ப்பில் செலவாகும் உயிர்வளியை அளந்து காட்டினார். சுரப்பி மிகையாகச் சுரந்தவர்கள் சும்மா படுத்திருந்தபோதும் மிகுதியாக எரித்தனர். சுரப்பி வாடியவர்கள் குறைவாக எரித்தனர். 1914ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் கெண்டல் அச்சுரப்பின் படிகங்களைப் பிரித்தெடுத்தார். தைராக்ஸின் என்று பெயர் பெற்ற அதனுள் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளமையால் இன்று டி4 என்கிறோம். 1952இல் லண்டனில் கிராஸும் பிட்-ரிவர்ஸும் மூன்று அயோடின் அணுக்கள் கொண்ட டி3ஐக் கண்டறிந்தனர். உண்மையில் வினை புரிவது இந்த டி3தான். சுரப்பி பெரும்பாலும் டி4ஐயே அனுப்புகிறது. கல்லீரலும் தசையும் பிற உறுப்புகளும் அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றித் தமக்கு வேண்டிய டி3ஐ ஆக்கிக்கொள்கின்றன. தலைநகரிலிருந்து வரும் ஆணையை ஊர்ச்சபை தன் நிலைக்கேற்ப நிறைவேற்றுவது போன்றது இது. பட்டினியின் சூட்சுமம் இந்த ஊர்ச்சபையில்தான் இருக்கிறது.

தசைக்கு வருவோம். உடலெடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தசை. அது சுருங்குவதற்குச் செலவு உண்டென்பது யாவரும் அறிந்தது. தளர்வதற்கும் செலவு உண்டு என்பதே பலர் அறியாதது. சுருக்கத்தைத் தூண்டிய கால்சியத்தைத் திரும்ப அறைக்குள் இறைத்து அடைத்தாக வேண்டும். சோடியத்தை வெளியே இறைத்தாக வேண்டும். ஏற்றம் இறைப்பதைப் போல் இரவும் பகலும் நடக்கும் வேலை இது. டி3 தசைச் செல்லின் உட்கருவுக்குள் சென்று, இத்தகைய ஏற்றங்களை எத்தனை கட்டுவது, விரைவாகச் சுருங்கும் தசைப்புரதம் எவ்வளவு, நிதானமானது எவ்வளவு என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. டி3 மிகுந்தால் தசை விரைந்து வேலை செய்யும், மிக எரிக்கும், நாளடைவில் தன்னையே தின்று மெலியும். டி3 குறைந்தால் தசை மெதுவாகத் தளரும், குறைந்த செலவில் அதே பிடியைத் தாங்கும். தைராய்டு குறைந்த நோயாளியின் குதிகால் நரம்பைத் தட்டினால் பாதம் அசைந்து சோம்பலாகத் திரும்புவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக ஓர் அடையாளமாகக் கொண்டுள்ளனர்.

உணவு நின்றால் என்ன நேர்கிறது? சில நாள்களிலேயே குருதியில் டி3 பாதியளவுக்குச் சரிகிறது. டி4 பெரிதும் குறைவதில்லை. ஆனால் உறுப்புகள் அதிலிருந்து வேறோர் அயோடினைக் கழற்றிச் செயலற்ற 'தலைகீழ் டி3' ஆக்கிவிடுகின்றன. இந்தத் தலைகீழ் டி3ஐ நுட்பமாக அளக்கும் முறையை 1974இல் வெளியிட்டவர் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய இந்தர்ஜித் சோப்ரா. அடுத்த ஆண்டே, முழுப் பட்டினியில் டி4 செயல்வழியிலிருந்து செயலற்ற வழிக்குத் திருப்பிவிடப்படுகிறது என்ற ஆய்வும் வெளிவந்தது. இது நோயா, சிக்கனமா என்ற ஐயத்துக்கும் அக்காலத்திலேயே சோதனை நடந்தது. பட்டினியிருந்தவர்களுக்கு டி3 மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் யூரியா கூடியது, அதாவது தசைப்புரதம் கூடுதலாகக் கரைந்தது. உடல் டி3ஐக் குறைத்ததன் ஒரு பயன் தசையைக் காப்பதே என்பது இதனால் விளங்கும். (உடல் மெலிய விரும்பித் தைராய்டு மாத்திரை விழுங்குவோர் இழப்பது கொழுப்பை மட்டுமன்று என்பதையும் இடையே சொல்லிவைப்போம்.)

சுரப்பி ஒன்றே எல்லாவற்றையும் செய்கிறது என்று சொல்ல வரவில்லை. கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களை மூளை எரிபொருளாக ஏற்றுக்கொள்கிறது என்று 1967இல் ஓவனும் காஹிலும் காட்டினார்கள். மூளைக்குச் சர்க்கரை ஆக்கித் தருவதற்காகத் தசையைக் கரைக்கும் தேவை அதனால் பெரிதும் குறைகிறது. இரண்டும் சேர்ந்தே சிக்கனம் நடக்கிறது. 1912இல் பாஸ்டன் நகரில் பெனடிக்ட் என்பவர் நீர் மட்டும் அருந்தி 31 நாள் நோற்ற ஒருவரை நாள்தோறும் அளந்தார். எடை ஏறத்தாழ 13 கிலோ குறைந்தது, எரிப்பும் படிப்படியாகத் தாழ்ந்தது. 1944-45இல் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைவயிற்றுணவில் வைத்தபோது, ஓய்வுநிலை எரிப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. அவர்கள் கோடையிலும் குளிரென்றனர்.

இனி ஒரு மனக்கணக்கு. ஒரு மெலிந்த முனிவரின் உடலில் எரிக்கத்தக்க கொழுப்பு 7 கிலோ என்று கொள்வோம். கிராமுக்கு 9 கிலோகலோரி என்றால் மொத்தம் 63,000. நாளொன்றுக்கு 1,400 எரித்தால் 45 நாளில் தீர்ந்துவிடும். எரிப்பு 1,000க்குத் தாழ்ந்தால் 63 நாள் வரும். திருநாதர்குன்றின் 57 இவ்விரண்டுக்கும் இடையே விழுகிறது. சமண நெறி இச்சிக்கனத்துக்கு முன்கூட்டியே வழி செய்கிறது என்பதும் நோக்கத்தக்கது. சல்லேகனை திடீரெனத் தொடங்குவதன்று. முதலில் திட உணவை விட்டுப் பால் முதலியன, பின் அவற்றையும் விட்டுக் கஞ்சி, பின் வெந்நீர், இறுதியில் அதுவும் இன்மை என்று சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் படிமுறை வகுக்கிறது. பேச்சிப்பள்ளத்துப் பாகுபலி கொடி படர நிற்கும் காயோற்சர்க்க நிலையோ அசைவையே துறந்தது. அசையாத தசை செலவழிப்பது குறைவு.

அண்மைக் கால வரலாறு இவ்வெண்ணுக்குச் சான்று தருகிறது. லாகூர்ச் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 1929இல் 63ஆம் நாளில் இறந்தார். ஆந்திர மாநிலம் கோரிச் சென்னையில் 1952 அக்டோபர் 19 அன்று நோன்பு தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15 இரவு, 58ஆம் நாளில் இறந்தார். 1981இல் அயர்லாந்துச் சிறையாளர்கள் பதின்மர் 46 முதல் 73 நாளுக்குள் இறந்தனர். சந்திரநந்தியின் 57 இவர்களுக்கு நடுவில் இருக்கிறது. பக்தர்கள் மிகைப்படுத்த நினைத்திருந்தால் நூறு என்றோ நூற்றெட்டு என்றோ எழுதியிருப்பார்கள். எண்ணியவர்கள் எண்ணியே எழுதியிருக்கிறார்கள்.

கொழுப்பு தீர்ந்தபின் சிக்கனம் பலிப்பதில்லை. அப்போது தசை கரைகிறது. மூச்சை இழுக்கும் தசையும் இதயத் தசையும் அதில் அடங்கும். சல்லேகனையை அறமென்பதா தற்கொலை என்பதா என்ற வழக்கு நம் காலத்திலும் எழுந்தது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதைக் குற்றமென்றது, அதே மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. உடலியல் அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லாது.

கீழக்குயில்குடியின் முனிவருள் யார் எத்தனை நாள் நோற்றார் என்று பேச்சிப்பள்ளத்து எழுத்துக்கள் சொல்வதில்லை. இம்மலைக்குக் கிழக்கே, மதுரை நகரின் அரசு மருத்துவமனையில் நிகழ்ந்த ஓர் இறப்புக்கோ நாள் கணக்கு இருக்கிறது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடுவது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் 1956 ஜூலை 27 அன்று நோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார், எழுபது நாள்களைக் கடந்து நோற்று, அக்டோபர் 13 அன்று அங்கே இறந்தார். பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரியில்.