கையேடு சொல்லாமல் விட்டது

கணினியில் ஒன்றைச் சேமித்தவுடன் அது வட்டில் பதிந்துவிட்டதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இயங்குதளம் அதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. தனக்கு வசதிப்பட்ட நேரத்தில்தான் வட்டில் எழுதுகிறது. இடையே மின்சாரம் நின்றால் எழுதியது போயிற்று. இந்த இடைவெளியைக் கடப்பதற்கென யூனிக்ஸ் மரபில் உருவான செயற்கூறுதான் 'எஃப்சிங்க்'. 1983இல் வெளிவந்த 4.2 பி.எஸ்.டி.யிலேயே அது உண்டு. 'இந்தக் கோப்பில் நிலுவையில் உள்ள அனைத்தையும் வட்டில் எழுதிவிட்டு வந்து சொல்' என்பதே அதற்கு இடப்படும் கட்டளை.

முடிந்தது என்று விடை வந்தால் சிக்கலில்லை. முடியவில்லை என்று வந்தால் என்ன செய்வது? இங்கேதான் ஆவணங்கள் கைவிட்டன. லினக்ஸ் கையேடு, எழுதும்போது பிழை நேர்ந்தது என்ற பொருளில் ஒரு வரியோடு நின்றுகொண்டது. போசிக்ஸ் தரநிலையோ, தோல்வியுற்றால் நிலுவை வேலைகள் முடிந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று மட்டும் சொன்னது. எழுதப்படாத தரவு நினைவகத்தில் பத்திரமாக இருக்கிறதா, அடுத்த முறை அழைத்தால் அதையே மீண்டும் எழுத முயலுமா என்ற இரு வினாக்களுக்கும் விடை இல்லை. 2018இல் திறமூல உலகின் இரு பெரும் குழுவினரை எதிரெதிரே நிறுத்தியது இந்த மௌனமே.

ஒருபுறம், 1996 முதல் இப்பெயரில் வழங்கிவரும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தார். அவர்களுடைய முறை, கணக்குப்பிள்ளையின் முறையைப் போன்றது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதி உறுதிசெய்வார்கள். மூலக் கோப்புகளைப் பின்னர் திருத்தி, எஃப்சிங்க்கை அழைத்து, அவை வட்டில் சேர்ந்தன என்ற விடை கிடைத்த பிறகே பழைய பதிவேட்டை விடுவிப்பார்கள். எஃப்சிங்க் தோற்றால் பிழையைக் குறித்துக்கொண்டு சற்றுப் பொறுத்து மறுபடி அழைப்பார்கள். இரண்டாம் முறை வெற்றி என்றால் எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்று கொள்வார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்படியே நடந்துவந்தது.

மறுபுறம் லினக்ஸ் கருநிரலார். அவர்களுடைய நிரலில், ஒரு பக்கத்தை வட்டில் எழுதுவது தோற்றுவிட்டால் பிழையை அறிவித்துவிட்டு, அந்தப் பக்கத்தை எழுதி முடித்ததாகவே குறித்துக்கொள்வது வழக்கம். ஆகவே இரண்டாம் முறை அழைக்கும்போது எழுதுவதற்கு எதுவும் நிலுவையில் இராது; 'வெற்றி' என்ற விடையே வரும். அந்த விடையை நம்பித் தரவுத்தளம் தன் பதிவேட்டை விடுவித்துவிடும். வட்டிலும் இல்லை, பதிவேட்டிலும் இல்லை என்ற நிலையில் தரவு சுவடின்றி மறைந்துபோகும். போதாக்குறைக்கு, 2017இல் வந்த லினக்ஸ் 4.13க்கு முன்பு, அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வேறொரு நிரல் முந்திக் கேட்டால் பிழைச் செய்தி அதனிடமே போய்விடக்கூடும். உரியவருக்குத் தோல்வி நேர்ந்ததே தெரியாது.

2018 மார்ச் இறுதியில் இது வெளிச்சத்துக்கு வந்தபோது தரவுத்தளத்தார் அதிர்ந்தனர். ஒப்படைத்த பொருளைச் சேர்க்க முடியவில்லை என்றால் திருப்பித் தர வேண்டாமா, எறிந்துவிட்டு எறியவில்லை என்பது முறையா என்பது அவர்கள் வாதத்தின் சாரம். எதிர்த்தரப்பின் விளக்கத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. எழுதும் பிழைகளுக்கு மிகப் பெரும்பாலான காரணம், பயனர் யு.எஸ்.பி. சேமிப்பானைப் பாதியில் பிடுங்கிவிடுவதே என்றார் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் பராமரிப்பாளர் தியோடர் சோ. இனி வரவே வராத வட்டுக்காகத் தரவைத் தேக்கி வைத்தால் நினைவகம் நிரம்பிக் கணினியே முடங்கும். எனினும் ஃப்ரீபிஎஸ்டி எதிர்வழியில் சென்றிருந்தது; அங்கே தோற்ற பக்கங்கள் எழுதப்படாதவையாகவே நிற்கும். ஆக, ஒரே மூலபாடத்துக்கு இரண்டு உரைகள். மூலபாடம் இரண்டுக்கும் இடம்தந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டியில் கூடிய கருநிரலார் மாநாட்டில் இரு தரப்பும் நேரில் பேசின. 2019 பிப்ரவரியில் வெளியான போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 11.2 முதலான பதிப்புகள் வழக்கத்தை மாற்றின. எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி கிடையாது. தரவுத்தளம் அங்கேயே தன்னை நிறுத்திக்கொண்டு, பதிவேட்டிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் கட்டமைக்கும். சேவை நின்றுபோவது சிறிய விலையன்று. ஆயினும் பொய்யான வெற்றியை நம்புவதைவிட அது மேல் என்று முடிவாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் மூன்று கோப்பு முறைமைகளையும் ஐந்து மென்பொருள்களையும் சோதித்தார்கள். தோல்விக்குப் பின் ஒவ்வொரு கோப்பு முறைமையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. மென்பொருள்கள் கையாண்ட உத்திகளில் எதுவும் போதுமானதாக இல்லை என்பதே அவர்கள் கண்டது.

இதில் யாரைக் குறைசொல்வது? தரவுத்தளத்தார் ஆவணத்தில் இல்லாததை இருப்பதாக நம்பினார்கள். கருநிரலார் தங்களுக்குத் தெரிந்ததைப் பிறருக்கும் தெரிந்ததாகவே கருதினார்கள். தங்கள் நிரலைத் திறந்தே வைத்திருந்தார்கள் என்பது மெய்தான். யாரும் படித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் நிரல் சொல்வது இன்று நடப்பதை மட்டுமே. நாளையும் இப்படித்தான் நடக்கும் என்ற வாக்குறுதியை ஆவணம்தான் தர முடியும். அதிலும், எல்லாம் சரியாக நடக்கும்போது யாரும் கையேட்டைப் புரட்டுவதில்லை. தவறும்போது என்ன நேரும் என்று அறியவே நாம் அதைத் தேடிப் போகிறோம். நாம் பணம் செலுத்தி, 'பதிவாயிற்று' என்ற செய்தியை நம்பி எழுந்து வருகிறோமே, அந்த நம்பிக்கையின் ஒரு முனை, யாரோ எழுதாமல் விட்ட இரண்டொரு வரிகளில் தொங்கிக்கொண்டிருந்தது.